எழுநூற்று இருபது

மூன்று வட்டக் கண்ணாடிகள்,
பழைய பிஸ்கட் டப்பாவில், பஞ்சு வைத்து.
கோயம்புத்தூர்க் கடைக்காரர் முன்பணத்தை எண்ணிக்கொண்டே
"சனிக்கிழமைக்குள்ள ரெண்டு திரும்பி வரணும், கீறல் இல்லாம" என்றார்.
ஐந்நூற்றுத் தொண்ணூறு, எழுநூற்று இருபது, எண்ணூற்று ஐம்பது.
நானோமீட்டர் என்றால் எவ்வளவு என்று லீலா கேட்டாள்.
உன் தலைமுடியைக் குறுக்கே எழுபதாயிரமாகப் பிளந்தால் ஒன்று என்றேன்.
"பிளந்தவன் எண்ணிப் பார்த்தானாமா?"

முதலில் டிவி ரிமோட்.
கேமராவை நோக்கிப் பிடித்து அழுத்தினாள்.
திரையில் அதன் நுனியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு,
இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு.
அப்படியென்றால் கொஞ்சம் உள்ளே போகிறது.
சென்சாருக்கு முன்னால் கம்பெனிக்காரனே ஒரு தடுப்பு வைத்திருக்கிறான்,
கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாசலிலேயே திருப்பி அனுப்ப.
அதைக் கழற்றப் பதினான்காயிரம் கேட்கிறார்கள்.
கழற்றாவிட்டால் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.
மண்டபம் முகாமில் ஒரு முத்திரைக்காகப் பதினேழு நாள்
உட்கார்ந்திருந்தவர் என் அப்பா.

ஐந்நூற்றுத் தொண்ணூறு எங்களுக்கு ஆகாது.
தடுப்பு கழற்றாத கேமராவில் அது வெறும் சிவப்புக் கண்ணாடி;
கோத்தகிரி முழுக்கத் தீப்பிடித்த மாதிரி.
திங்கள் மாலையே பொட்டலம் கட்டிவிட்டேன்.

எண்ணூற்று ஐம்பது ரொம்பக் கறார்.
நாலு நிமிடம் திறந்து வைத்தும்
உப்புத் தூவியது போல் புள்ளி புள்ளியாக வந்தது.
அந்த நாலு நிமிடத்துக்குள்
மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மூடுபனி ஏறி
படத்தில் பாதியைத் தின்றுவிட்டது.
தூரத்துப் புழுதியைத் துளைக்குமாம்.
மூடுபனியை இல்லை.

வியாழன் உச்சிவேளை, மூன்றாம் நம்பர் காடு.
கண்ணாடியை மாட்டிவிட்டால் கேமராவுக்குள் இருட்டு.
ஆகவே முதலில் சட்டகம், பிறகு குவியம்,
லென்ஸ் வளையம் நகராமல் ஒரு துண்டு டேப்,
கடைசியில் எழுநூற்று இருபதைத் திருகினேன்,
மூச்சு விடாமல், மரை பிசகாமல்.
முப்பது வினாடி.
கொழுந்து பறிப்பவர்கள் பதினொரு பேர் வரிசையில் இருந்தார்கள்.

படத்தில் பத்துப் பேர் இல்லை.
கைகள் ஓயாமல் அசைந்ததால்
ஒளி அவர்களை எழுதவில்லை.
தேயிலை முழுக்க வெள்ளை.
வானம் அடுப்புக்கரி.
முழங்கால் வலிக்கிறதென்று கூடையில் கையூன்றி
அசையாமல் நின்ற லீலா மட்டும் இருக்கிறாள்,
அவளுடைய கறுப்பு ஸ்வெட்டர்
சலவைக்குப் போய்வந்தது போல் வெளுத்து.
"இதுக்கா அறுநூறு ரூபா கொடுத்தேன், கறுப்புன்னு நம்பி."

சூப்பர்வைசர் போஜன் எட்டிப் பார்த்துவிட்டு
முகம் வெளிறிப்போனார்:
"எந்தக் காட்டுல பனி விழுந்துச்சு?"
தை மாதம் இந்த வெள்ளையைப் பார்த்தவர்.
மறுநாளே கருகும். ஒரு மாதம் வேலை இருக்காது.
பனி இல்லை சார், வெயில் என்றேன்.
அவர் குனிந்து ஒரு இலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ராத்திரி அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன்.
மேல் ஓரத்தில் சோலை, அதை ஒட்டிச் சீகை, அதற்குக் கீழே கற்பூர மரம்.
காட்டிலாகாவின் கணக்கில் ஒன்று இந்த மண்ணுடையது,
மற்றவை வந்தேறி, வெட்டப்பட வேண்டியவை.
எங்கே ஒன்று முடிந்து ஒன்று தொடங்குகிறது என்று தேடினேன்.
ஒரே வெள்ளை.
ஒருவேளை என் குவியம் சரியில்லையோ என்னவோ.
லீலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
அவள் மரங்களைப் பார்க்கவில்லை.
"பக்கத்துல அஞ்சலை நின்னாளே, எங்கே?"
கூடை நின்ற இடத்தில் கூடை இருந்தது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
வைத்துக்கொண்டதில் யாருடையதோ கட்டைவிரல் ரேகை,
சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிறது.
துடைக்கத் துணி எடுத்தேன்.
அதற்குள் வெயில் வந்துவிட்டது.